இருபது தாளும் ஒரு வெள்ளைக் காரும்

ஹெவியார் தன் மருமகனிடம் இரண்டாயிரம் கடன்பட்டார். மகள் வாழ்கிற நாட்டுப் பணத்தில், நூறு நூறாக இருபது தாள். எழுதி வாங்கியது கிடையாது, சாட்சி கிடையாது, வட்டிப் பேச்சும் கிடையாது. ஆனாலும் அறுபத்தேழு வயது வரைக்கும் யாரிடமும் ஒரு தீப்பெட்டி கூடக் கடன் சொல்லாத மனிதருக்கு அந்த இருபது தாளும் தொண்டையில் முள்ளாக நின்றன. அதிலும் கொடுத்தது யார்? பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், லாரி ஷெட்டில், நாலு பேர் பார்க்க, வீல் ஸ்பேனரால் அவரே கையை உடைத்து அனுப்பிய அதே பையன்.

ஹெவியார் என்பது ஊர் வைத்த பெயர். பேச்சு எங்கே தொடங்கினாலும் "நான் ஹெவி லைசென்ஸ்காரன்" என்ற இடத்துக்குத்தான் வந்து சேரும். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. வாத்தியார் கைப் பிரம்பைப் பிடுங்கி இரண்டாக ஒடித்து மேசைமேல் வைத்துவிட்டு அன்றைக்கே வெளியே வந்தவர். அதன்பிறகு லாரிதான் பள்ளிக்கூடம். கியர் உறுமினால் பிடரியில் ஒன்று, பிரேக் அதிர்ந்தால் காதோடு சேர்த்து ஒன்று. அடி வாங்கித் தொழில் கற்றார். அடி கொடுத்துத் தொழில் நடத்தினார். முப்பதில் சொந்தமாக ஒரு லாரி, ஐம்பதில் ஐந்து. பட்டம் வாங்கியவர்கள் அவர் ஷெட்டில் சம்பளத்துக்குக் கணக்கு எழுதினார்கள்.

வலது முழங்கைக்கு மேலே ஒரு தழும்பு உண்டு. பட்டப்பகலில் சரக்கு லாரியை மறித்த மூன்று பேரை ஜாக்கி லீவரால் அவர் தனியாக அடித்துத் துரத்தியபோது, அதில் ஒருவனுடைய முன்பல் அவர் சதையில் குத்தி நின்றுவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் தேநீர் வருவதற்கு முன்னால் அந்தத் தழும்பு வந்துவிடும்.

அப்படிப்பட்டவரிடம், உதிரிபாகக் கடையில் பில் போடும் ஒரு பையன் நேரே வந்து, "ஐயா, உங்க பொண்ணை எனக்குப் பிடிச்சிருக்கு, அவளுக்கும் என்னைப் பிடிச்சிருக்கு" என்று சொன்னான். ஹெவியார் கையில் அப்போது வீல் ஸ்பேனர் இருந்தது. வேறு எதுவும் யோசிக்கவில்லை. பையனின் முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் ஷெட்டுக்கு வெளியே கேட்டது. பையன் கத்தவில்லை. கையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்து போனான். அடுத்த வாரம் மகள் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவனோடு வேறு நாட்டுக்குப் போய்விட்டாள்.

ஆறு வருஷம் பேச்சில்லை. பேத்தி பிறந்த பிறகு மனைவி போனில் பேசினாள். பிறகு போனை அவர் காதில் வைத்தாள். பிறகு டிக்கெட்டையே அவர் கையில் வைத்தாள். மகள் வீட்டுக்குப் போவது என்று முடிவானதும் ஹெவியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"அவன் ஓட்டுற வண்டியில நான் ஏற மாட்டேன். அங்க போய் வாடகைக்கு ஒரு கார் எடுப்பேன். நானே ஓட்டுவேன். உங்களையெல்லாம் நான்தான் ஊர் சுத்திக் காட்டுவேன்."

"ஊர் அவங்களுது. நீங்க எப்படிங்க சுத்திக் காட்டுவீங்க?" என்றாள் மனைவி.

"ஸ்டீயரிங் என் கையில இருந்தா எந்த ஊரும் என் ஊருதான்."

வெளிநாட்டில் வண்டி ஓட்ட இன்டர்நேஷனல் பர்மிட் வேண்டும். அதற்காகப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனார். ஜன்னலுக்குள் இருந்த குமாஸ்தா சாம்பல் நிற அட்டை போட்ட சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் ஐந்து கட்டங்கள் இருந்தன. பைக்குக்கு ஒன்று, காருக்கு ஒன்று, லாரிக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று, பின்வண்டி இழுப்பதற்கு ஒன்று. எதை ஓட்டலாமோ அந்தக் கட்டத்தில் வட்ட முத்திரை விழும்.

"எதெதுக்குங்க போடணும்?"

"ஹெவி."

"கார் கட்டத்துலயும் போட்டுடவா? விண்ணப்பத்துல தனியா டிக் அடிச்சுத் தரணும்."

ஹெவியார் பின்னால் நின்ற வரிசையைத் திரும்பிப் பார்த்தார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார். "பதினாறு டன் ஏத்திக்கிட்டு மலைப்பாதையில ரிவர்ஸ் எடுக்கிறவன்யா நான். என்கிட்ட வந்து பொம்மைக்கு முத்திரை வேணுமான்னு கேக்கறே? ஹெவி இருந்தா எல்லாம் அதுக்குள்ள அடக்கம். போடுய்யா."

குமாஸ்தா மூன்றாவது கட்டத்தில் மட்டும் ஒரு குத்துக் குத்தினார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். தன் பேச்சுக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று ஹெவியார் எடுத்துக்கொண்டார்.

விமானம் இறங்கியதும், வழவழப்பான தரையில் வரிசையாக இருந்த கார் வாடகைக் கவுண்டர்களில் முதலாவதற்கு நேரே நடந்தார். வரவேற்க வந்த மகளும் மருமகனும் பேத்தியும் பின்னாலேயே ஓடினார்கள். கவுண்டர் பெண் புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள், கடைசிப் பக்கத்தில் நின்றாள், நகம் வெட்டிய விரலால் இரண்டாவது கட்டத்தைத் தொட்டுக் காட்டி என்னவோ சொன்னாள்.

"என்ன சொல்றா?" என்று மகளிடம் கேட்டார். மருமகனிடம் அவர் நேராகப் பேசுவதில்லை.

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள். அவன்தான் சொன்னான். "மாமா, நீங்க லாரி ஓட்டலாமாம். கார் ஓட்டக் கூடாதாம்."

ஊர் லைசென்ஸை எடுத்துக் கவுண்டர்மேல் அடித்து வைத்தார். அந்த எழுத்து தங்களுக்குப் படிக்கத் தெரியாது, புத்தகம் சொல்வதுதான் கணக்கு என்று பெண் சிரித்த முகத்தோடு தள்ளி வைத்துவிட்டாள். ஹெவியார் கவுண்டர் பலகையை ஒரு குத்து குத்தினார். பேனாக்கள் குதித்தன. தூரத்தில் சீருடைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப ஒரு லாரியே எடுத்துடுங்களேன்," என்றாள் மனைவி. "நானும் பேத்தியும் பின்னாடி மூட்டைமேல உக்காந்துக்கிறோம்."

"வாயை மூடுடி."

அன்றைக்கு மருமகனுடைய பார்சல் வேனில்தான் ஏற வேண்டியிருந்தது. முன் சீட்டில் உட்காராமல் பின்னால் அட்டைப் பெட்டிகளோடு உட்கார்ந்து போனார். மகளுடைய வீடு மூன்றாவது மாடியில் இரண்டு அறை. சமையலறைக்குள் ஒருவர் திரும்பினால் இன்னொருவர் வெளியே வர வேண்டும். குளியலறைக் கதவு துணி உலர்த்தும் கம்பியில் இடிக்கும். மருமகன் காலை ஐந்துக்கு வேனை எடுத்தால் மாலையில்தான் வருவான். அனல் அடிக்கிற அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். இரண்டு நாள் ஹெவியார் ஜன்னலோரம் நின்று கீழே போகிற கார்களை எண்ணினார். மூன்றாவது நாள் மனைவி, "கூண்டுல போட்ட மாதிரி இருக்கீங்க" என்று சொன்னதுதான் தாமதம், செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

டயர் கடைகள் இருந்த பின்தெருவில் வாடகைக் கார் யார்டு ஒன்றைக் கண்டுபிடித்தார். தகர வேலி, இரும்புக் கேட்டு, உள்ளே இரண்டு வரிசையில் பதினான்கு கார்கள், ஜன்னல் வெட்டி அலுவலகமாக்கிய ஒரு கண்டெய்னர். முதலாளி இடுப்பில் ஐம்பது அறுபது சாவிகள் தொங்கின. அவனைச் சாவிக்கொத்து என்றே வைத்துக்கொள்வோம். கூடவே ஒரு மெக்கானிக். கழுத்து என்று ஒன்று இல்லாமல் தலை நேரே தோளில் முளைத்த ஆள். புல்டோசர் என்றுதான் அவனைக் கூப்பிட்டார்கள்.

சாவிக்கொத்து நம் பாஷைக்காரன். அதைக் கேட்டதும் ஹெவியாருக்குப் பாதி நெஞ்சு குளிர்ந்துவிட்டது. முத்திரைக் கதையைச் சொன்னார்.

"அட விடுங்க பெரியவரே! வண்டி ஓட்டுறது கையா, முத்திரையா? உங்க கையைப் பார்த்தாலே தெரியுது, நீங்க எப்பேர்ப்பட்ட டிரைவர்னு." புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டான். "மூணு நாளைக்கு வாடகை அறுநூறு. டெபாசிட் ரெண்டாயிரம். வண்டியைத் திருப்பி விட்டதும் டெபாசிட் அப்படியே உங்க கையில."

"ரசீது?"

"நம்ம ஆளுங்களுக்குள்ள ரசீது எதுக்குங்க?"

பையில் அறுநூற்று சொச்சம்தான் இருந்தது. வெளியே வந்து தெருமுனையில் நின்றார். அப்பாவைத் தேடி மகள் போன் செய்திருப்பாள் போலிருக்கிறது, மருமகனின் வேன் வந்து நின்றது. அவன் விஷயத்தைக் கேட்டான். யார்டை ஒரு பார்வை பார்த்தான். "மாமா, இந்த இடம்..." என்று தொடங்கினான். ஹெவியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் வேனைத் திருப்பிக்கொண்டு போய் அரைமணியில் ஒரு காக்கி உறையோடு வந்தான். உள்ளே இருபது தாள்.

நன்றி சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. இடையில் நின்று பேச்சை வாங்கித் தர மகளும் இல்லை. டயர் கடைச் சுவரைப் பார்த்துச் சொன்னார். "நாலாம் நாள் இது திரும்பி வந்துடும்."

சுவருக்குப் பதிலாக மருமகன் "சரிங்க மாமா" என்றான்.

மூன்று நாள் ஹெவியார் ராஜா. அணைக்கட்டு, கடற்கரை, மலைமேல் ஒரு ஏரி. வெள்ளைக் கார் அவர் கைக்குள் கோழிக்குஞ்சு மாதிரி அடங்கிக் கிடந்தது. எதிர்ப்பக்கம் ஓட்டுகிற ஊர்தான். ஒரு மணி நேரத்தில் பழகிவிட்டார். இரண்டாம் நாள் ஒரு ஜீப்காரன் பின்னாலேயே ஹாரன் அடித்து வந்து, குறுக்கே நிறுத்தி, இறங்கி வந்து கண்ணாடியில் குத்தினான். ஹெவியார் நிதானமாக இறங்கினார். ஜன்னலைக் குத்திய கையின் கட்டைவிரலைப் பிடித்துப் பின்பக்கமாக வளைத்தார். அவன் தார் ரோட்டில் மண்டியிட்டு, மூக்கில் நீர் வடிய, தெரிந்த பாஷையிலெல்லாம் கெஞ்சும்வரை விடவில்லை. விரலுக்குள் என்னவோ சொடுக்கியது. பேத்தி பின்சீட்டில் கைதட்டினாள். மகள் தட்டவில்லை. அவள் முகம் வெளுத்துப் போயிருந்ததை ஹெவியார் மறுபடி ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியில் பார்த்தார். வெயில் என்று நினைத்தார்.

நாலாம் நாள் காலை காரைத் திருப்ப வேண்டும். இரவல் வண்டியானாலும் வாடகை வண்டியானாலும் கழுவாமல் திருப்பிக் கொடுப்பது ஹெவியாருக்கு ஆகாது. லாரிக்காரன் வளர்த்த பழக்கம். குடியிருப்புக்குக் கீழே இரண்டு வாளி தண்ணீரும் பழைய பனியனுமாக உட்கார்ந்தார். மகள் மூன்றாவது வாளியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அப்பா, அந்த டெபாசிட்டை இன்னைக்கே கையோட வாங்கிடுங்க. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில கட்டணும்."

"யாருக்கு ஆஸ்பத்திரி?"

அவள் வாளிக் காதைத் திருகிக்கொண்டே நின்றாள். "அவருக்குத்தான். கையில தகடு வச்சிருக்கு. ஸ்குரூ ஒண்ணு கழண்டு உள்ளேயே சதையைக் குத்துது. ரெண்டு வருஷமா தள்ளிப் போட்டுட்டே வந்தாரு. இந்த வெள்ளிக்கிழமை விட்டா அடுத்த தேதிக்கு எட்டு மாசம் ஆகும். அந்தப் பணத்தைத்தான் எடுத்து உங்ககிட்டக் கொடுத்தாரு."

"என்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு சொன்னாரு. எந்தக் கைன்னு நீங்க கேக்கலியே அப்பா."

ஹெவியார் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? ஈரப் பனியனைப் பிழிந்து காரைத் தேய்த்தார். கை தேவைக்கு மேல் அழுத்தித் தேய்த்தது. பின்கதவுக்குக் கீழே தேய்க்கும்போது வெள்ளை வெள்ளையாகப் பிசின் மாதிரி ஏதோ பனியனில் ஒட்டியது. மெழுகு. வெள்ளைச் சாயம் கலந்த மெழுகு. அது பெயர்ந்த இடத்தில் ஒரு முழ நீளத்துக்கு ஆழமான கீறல் வாயைப் பிளந்தது. கட்டைவிரல் நகத்தை உள்ளே விட்டு இழுத்துப் பார்த்தார். நகத்தில் செம்பழுப்பாகத் துரு வந்தது.

நாற்பது வருஷம் இரும்போடு குடித்தனம் நடத்தியவருக்கு மேற்கொண்டு யாரும் விளக்க வேண்டியதில்லை. கீறலை மெழுகால் மூடி வாடகைக்கு விடுவது, திரும்பி வந்ததும் வெந்நீர் பீய்ச்சி மெழுகைக் கரைப்பது, "கீறிட்டியே" என்று டெபாசிட்டை விழுங்குவது. எத்தனை பேர் தலையில் மிளகாய் அரைத்திருப்பானோ. ஹெவியார் வாளியைக் கவிழ்த்துவிட்டு எழுந்தார்.

பத்து மணிக்கு யார்டுக்குள் காரை விட்டார். திரும்பக் கூட்டிப்போக மருமகனின் வேன் பின்னாலேயே வந்தது. கார் உள்ளே நுழைந்ததும் புல்டோசர் கேட்டைச் சாத்திக் கொண்டியைப் போட்டான். வேன் வெளியே நின்றுவிட்டது.

சாவிக்கொத்து நேரே பின்கதவுக்கு வந்தான். வெந்நீர்க் குழாயோடு வந்தவன், கீறல் முன்னதாகவே திறந்து கிடப்பதைப் பார்த்து ஒரு நொடி திகைத்தான். பிறகு சமாளித்துக்கொண்டான். "என்ன பெரியவரே, இப்படிக் கிழிச்சுட்டு வந்திருக்கீங்க? ரெண்டாயிரத்துலயும் அடங்காது போலிருக்கே!"

"தம்பி, இங்க வா. விரலை உள்ள விட்டுப் பாரு. துரு. மூணு நாள்ல துரு பிடிக்குமா?"

"உங்க ஊர்ல பிடிக்காதா இருக்கும். இங்க பிடிக்கும்."

"மெழுகுமா இங்க மரத்துல காய்க்குது? பனியன்ல இருக்குது பாரு. எண்ணி வை என் பணத்தை."

சாவிக்கொத்து சிரித்தான். போனை எடுத்து, கடைசிப் பக்கத்தின் படத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினான். "கார் கட்டத்துல முத்திரை எங்க பெரிசு? வாங்க, போலீஸுக்குப் போவோம். பர்மிட் இல்லாம மூணு நாள் குடும்பத்தை ஏத்திக்கிட்டு ஊர் சுத்தினேன்னு சொல்லுங்க. பேத்தியைப் பார்க்க இன்னொரு தடவை இந்த நாட்டுக்குள்ள விடுவானான்னு பார்ப்போம். பெரிய டிரைவராம்! லாரியோட நின்னிருக்கணும்."

அவ்வளவுதான். ஹெவியாரின் கை போனோடு சேர்த்து அவன் முகத்தில் இறங்கியது. போன் மூன்று துண்டாகித் தெறித்தது. சாவிக்கொத்தின் கீழுதடு பிளந்து மோவாயில் ரத்தம் ஓடியது. இரண்டாவது அறைக்குக் கையை ஓங்குமுன் பின்னாலிருந்து புல்டோசர் அவரைச் சட்டையோடு தூக்கிக் காரின் பானெட்டில் அடித்தான். தகடு அமுங்கியது. விலாவில் முழங்காலை ஏற்றினான். ஒன்று. இன்னொன்று. உள்ளே காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம் ஹெவியாருக்கு மட்டும் கேட்டது. திரும்பிக் கடித்தார், வாயில் கிடைத்தது அவன் முழங்கைச் சதை, விடவில்லை. புல்டோசர் அவர் தலையைப் பிடித்து பானெட்டில் மோதினான். ஒரு பல் ரத்தத்தோடு வெள்ளை பெயிண்டில் உருண்டு போனது.

"இன்னும் கொடு கிழவனுக்கு," என்றான் சாவிக்கொத்து, உதட்டைப் பொத்திக்கொண்டு.

கேட்டின்மேல் யாரோ ஏறிக் குதிக்கும் சத்தம் கேட்டது. மருமகன். சட்டைக் கை கம்பியில் மாட்டித் தோள்வரை கிழிந்திருந்தது. அவன் கத்தவுமில்லை, விடுங்கள் என்று கேட்கவுமில்லை. ஓடி வந்த வேகத்தில் காரின் முன்கதவை முழு பலத்தோடு திறந்து, பானெட்டோரம் நின்ற புல்டோசரின் இடுப்பில் மோதினான். அந்த மலை தடுமாறி, விழாமல் இருக்கக் கதவுச் சட்டத்தைப் பிடித்தது. மருமகன் கதவைச் சாத்தினான். பொறுமையாக, பார்சல் வேன் கதவைச் சாத்துகிற மாதிரி, இடுப்பைக் கொடுத்து. நாலு விரல் உள்ளே மாட்டியது. புல்டோசர் போட்ட அலறலில் தகர வேலியே அதிர்ந்தது. கதவைத் திறந்து மறுபடியும் ஒரு தடவை சாத்தினான். அதன்பிறகு அந்த மலை மண்ணில் உட்கார்ந்து தன் கையைத் தானே வேடிக்கை பார்த்துக்கொண்டு அழுதது.

இவனுக்கு இதெல்லாம் தெரியுமா என்று ஹெவியாருக்கு வலியை மீறி ஆச்சரியமாக இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எதிர்த்து ஒரு விரலைக் கூட அசைக்காதவன். முடியாமல் இல்லை, வேண்டாம் என்று நின்றிருக்கிறான்.

விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ரத்தத்தைத் துப்பினார். காரின் டிக்கியைத் திறந்து வீல் ஸ்பேனரை எடுத்தார். அந்தக் கனம் கைக்குப் பழகிய கனம். கண்டெய்னரை நோக்கி நடந்த சாவிக்கொத்தை அவர் துரத்தவில்லை. நேரே முன்வரிசைக்குப் போனார்.

"ஒண்ணு" என்றார். முதல் காரின் முன்கண்ணாடி பொடிப்பொடியாக உள்ளே கொட்டியது.

"டேய் கிழவா!"

"ரெண்டு." அடுத்ததும் கொட்டியது.

"என் வண்டிடா அது! நிறுத்துடா!"

"பதினாலு நிக்குது. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல. மூணு."

மூன்றாவது கார் புதுசு. சாவிக்கொத்து நெஞ்சில் அடித்துக்கொண்டான். "ஐயோ, வேணாம்! பெரியவரே! ஐயா! வாங்க, உள்ள வாங்க, தந்துடறேன்!"

போலீஸைக் கூப்பிட அவனுக்கும் வாய் கிடையாது. பதினாலு வண்டியில் பத்துக்குக் காகிதம் இல்லை என்பதை மருமகன் அந்தத் தெருவில் முன்பே கேள்விப்பட்டிருந்தான். சொல்ல வந்ததும் அதைத்தான். ஹெவியார்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கண்டெய்னருக்குள் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு தகரப் பெட்டி. சாவிக்கொத்து தாள்களை எண்ணி வைத்தான். பதினைந்து வந்ததும் நிறுத்தினான். மீதி ஐந்தையும் மேசையில் வைத்து, அதன்மேல் உள்ளங்கையைக் கவிழ்த்துக்கொண்டான். "இந்த அஞ்சு என் கண்ணாடிக்கு. மூணு கண்ணாடிங்க. நியாயமாப் பார்த்தா..."

"கையை எடு."

"ஐயா, நியாயமா..."

ஹெவியார் ஸ்பேனரை ஓங்கினார். மணிக்கட்டு எங்கே, முழங்கை எங்கே, எந்த இடத்தில் விழுந்தால் எலும்பு ஒரே அடியில் போகும் என்று அந்தக் கைக்குத் தெரியும். சாவிக்கொத்து கண்ணை மூடிக்கொண்டான். தோளிலிருந்து அடி கிளம்புகிற அந்த நேரத்தில், ஹெவியாரின் ஓரக்கண்ணில் வாசல் பட்டது.

வாசலில் மருமகன் குனிந்து நின்றான். இரண்டு கையும் தலைக்கு மேல். இடது கை வெளிப்பக்கமாக, அடியை வாங்கிக்கொள்ளத் தயாராக. கிழிந்த சட்டைக் கைக்குள் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தையல் போட்ட தழும்பு, அதற்கடியில் தோலை முட்டிக்கொண்டு நிற்கிற தகடு. கண்ணை இறுக மூடியிருந்தான். இப்போதுதான் ஒரு மலையின் விரல்களை நொறுக்கிவிட்டு வந்தவன். தன்னை யாரும் அடிக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? அந்த உடம்புக்குத் தெரியவில்லை.

ஸ்பேனர் மேலேயே நின்றது. விலாவில் முறிந்தது குத்தியது. சாவிக்கொத்து கிடைத்த சந்தில் கையை உருவிக்கொண்டு சுவரோடு ஒட்டினான். ஐந்து தாளும் மேசையிலேயே கிடந்தன.

நிரம்பிய பாத்திரத்தை இறக்குகிற மாதிரி ஸ்பேனரை மெல்ல இறக்கி மேசையில் வைத்தார்.

"மாப்ள," என்றார். அந்த வார்த்தையை அவர் வாய் அதற்கு முன்னால் சொன்னதில்லை. "கையை இறக்குங்க மாப்ள. உங்கள இல்ல."

அவன் கண்ணைத் திறந்தான். தன் கைகள் எங்கே இருக்கின்றன என்று அப்போதுதான் பார்த்தான். வெட்கப்பட்டவன் மாதிரி அவசரமாக இறக்கி, கிழிந்த சட்டையை இழுத்து அந்தத் தகட்டை மூடப் பார்த்தான். மூடவில்லை.

ஹெவியார் பதினைந்தையும் ஐந்தையும் வாரி எடுத்தார். வெளியே வந்தார்கள். மண்ணில் உட்கார்ந்திருந்த புல்டோசர் தலை நிமிரவில்லை. மருமகன் கேட்டுக் கொண்டியை எடுத்தான். வேன் பக்கத்தில் வந்ததும் ஹெவியார் நின்றுவிட்டார்.

"கையைக் காட்டுங்க."

"முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போகலாம் மாமா. வாயெல்லாம் ரத்தம். மூச்சு வாங்குது உங்களுக்கு. பணத்தை வீட்ல போய்க் கொடுங்க."

"கையைக் காட்டுங்கன்னேன்."

மருமகன் வலது கையை நீட்டினான். ஹெவியார் இல்லை என்று தலையை ஆட்டினார். அவன் சற்று யோசித்துவிட்டு இடது கையை நீட்டினான். அது முழுசாக மல்லாக்கத் திரும்பவில்லை, பாதியில் நின்றது. தகடு விடவில்லை போலிருக்கிறது. ஹெவியார் தன் இடது கையை அதற்கு அடியில் கொடுத்துத் தாங்கினார்.

வேனுக்குப் பின்னால் ஒரு டயர் கடைக்காரர் ஹாரன் அடித்து வழி கேட்டார். இரண்டு பேரும் நகரவில்லை.

கட்டைவிரலை நாக்கில் வைத்தார். ரத்தம் கரித்தது. சட்டையில் துடைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினார். எதிலும் விரல் தடுமாறவில்லை, எதுவும் இரண்டு தாளாக ஒட்டவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லி, அந்தத் திறந்த உள்ளங்கையில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். பத்தில் ஒரு தடவை மூச்சு வாங்க நின்றார். பதினைந்தில் மருமகன் "போதும் மாமா, சரியாத்தான் இருக்கும்" என்றான். அவர் காதில் வாங்கவில்லை. பதினெட்டு. பத்தொன்பது. கடைசித் தாளின் மடிந்த ஓரத்தை நகத்தால் நீவி விட்டார்.

"இருபது" என்று சொல்லி வைத்தார்.